இரண்டாவது கேசட்

"டெக்"கிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த வீடியோ கேசட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தால், இறக்கி வைத்த இட்லித் துணியின் சூடு இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையை மறுபடி முகர வேண்டுமென்ற ஏக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் பள்ளிக்கூட நாட்களில் ஒரு கோடை விடுமுறையில், நான் பிழைப்பதா சாவதா என்பது அப்படியொரு கேசட்டைப் பொறுத்திருந்ததால், அதை மறக்கவும் முடியவில்லை.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெரியப்பா ரிக் வண்டி வைத்திருந்தார். ஆழ்துளைக் கிணறு போட அந்த வண்டி வடக்கே எங்கெங்கோ போய்வரும், அப்படிப் போய்வந்த ஒரு வருஷம் கையில் கொஞ்சம் காசு புரண்டதில் ஊரிலேயே முதலாவதாக அவர் வீட்டுக்குக் கலர் டிவியும் டெக்கும் வந்து சேர்ந்தன. சனிக்கிழமை நாமக்கல் போனால் பெண்களுக்கு ஒரு தமிழ்ப் படமும் தனக்கு ஒரு இங்கிலீஷ் படமும் வாடகைக்கு எடுத்து வருவார். இங்கிலீஷ் படமென்றால் அவருக்கு அமெரிக்காக்காரனின் யுத்தப் படம் மட்டும்தான், அதிலும் காட்டுக்குள் நடக்கும் யுத்தம். "பாட்டு கெடையாது, அழுகாச்சி கெடையாது, போனமா சுட்டமா வந்தமான்னு இருக்கறான் பாரு" என்று மெச்சிக்கொள்வார். முத்தம் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் எழுந்துபோய்த் தோள் துண்டை டிவியின் மேல் தொங்கவிடுவார். குண்டுச் சத்தம் கேட்டதும் துண்டு தோளுக்குத் திரும்பிவிடும். மனிதர்கள் கைகால் சிதறிச் சாவதை நாங்கள் வாய் பிளந்து பார்ப்பதில் அவருக்கு ஒரு ஆட்சேபணையும் இருந்ததில்லை.

பெரியப்பா மகன் சேகரண்ணன் நாமக்கல்லில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் என்பதால் கதை சொல்லும் பொறுப்பு அவனுடையது. திரையில் தளபதி மூச்சுவிடாமல் பேசி முடித்தால் "நாளைக்குக் காத்தால சண்டைக்குப் போலாங்கறான்" என்று சுருக்கிவிடுவான். அடுத்தவன் இரண்டே சொல் சொன்னால், அவனுக்கு ஊரில் ஒரு தங்கச்சி இருப்பதும் அவளுக்கு வரன் அமையாததும் வரை சேகரண்ணன் விவரிப்பான். அவனுக்குப் புரிந்தது எங்களுக்குப் புரிந்த அளவுதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் படங்களில் ஒரு விஷயத்தை அவன் சரியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தான். பட்டாளத்தில் ஒரே ஒரு கருப்பு ஆள் இருப்பான், எல்லோரையும் சிரிக்க வைப்பான், காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போவான். அவன் திரைக்கு வந்ததுமே சேகரண்ணன் தொடையைத் தட்டி, "வந்துட்டான் பாரு, இவந்தான் மொதல்ல போவான்" என்பான். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

எங்கள் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் கூட்டத்தில் நான்தான் கருப்பு. அப்பாவின் நிறம் அப்படியே எனக்கு இறங்கியிருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை குச்சிக்கிழங்குக் காட்டில் நாங்கள் ஆடிய யுத்தத்தில் எனக்கு என்ன வேஷம் என்பதைப் பற்றி யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்று சொல்வதைத்தான் நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து இலைகள் மேலே மூடிக்கொண்டால் உள்ளே பச்சை இருட்டாக இருக்கும், பெரியப்பா படத்தில் வருகிற காடு தோற்றுப்போகும். ஒடித்த குச்சி துப்பாக்கி, உதிர்ந்த தென்னங்குரும்பை கையெறி குண்டு, அடுப்படியிலிருந்து திருடிய ஈயச் சட்டி தலைக்கவசம். எங்காவது கிணறு தோண்டுகிற ரிக் வண்டியின் சத்தம் காற்றில் வந்தால் அதுதான் ஹெலிகாப்டர். சேகரண்ணன் கேப்டன். சித்தப்பா பையன்கள் சிப்பாய்கள். எதிரிக்கு ஆள் வைக்கவில்லை. படத்திலேயே அவர்களுக்குப் பேர் கிடையாது, முகத்தையும் சரியாகக் காட்டமாட்டார்கள், செடிகளைச் சுட்டாலே போதுமானதாக இருந்தது. நான் நாலு அடி எடுத்து வைப்பேன். "டுமீல்! புள்ள, நீ செத்துட்ட" என்று கேப்டன் அறிவித்துவிடுவான்.

சாவது வலிக்கவில்லை, சலிப்பாக இருந்தது. மற்றவர்கள் காடெல்லாம் ஓடிச் சுட்டுக்கொண்டிருக்க, நான் ஈர மண்ணில் மல்லாந்து கிடந்து எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து உட்கார்ந்தால், "செத்தவ எந்திரிக்கப்படாது" என்று சத்தம் வரும். பாவாடையெல்லாம் கிழங்குப் பால் கறையோடு வீட்டுக்குப் போனால் அம்மா, "ஏஞ்சாமி இப்பிடி வெயில்ல கெடந்து கருக்கற? இருக்கற கருப்பு பத்தாதா?" என்று பாசிப்பயத்த மாவைக் கரைத்து முகத்தில் அப்புவாள். அவள் கோபத்தில் சொன்னதில்லை, கவலையில்தான் சொன்னாள், அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. ஒருநாள் சேகரண்ணனிடம் கேட்டேவிட்டேன்: "ஏண்ணா எப்பவும் நானே சாவோணும்?" அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "நானா சொல்றேன்? அமெரிக்காக்காரனே அப்பிடித்தான எடுத்திருக்கறான்?" அமெரிக்காவே சொல்லிவிட்ட பிறகு நான் யாரிடம் போய் முறையிடுவது?

அந்தக் கோடையில்தான் வேறு மாதிரி ஒரு கேசட் வந்தது. காடு அதே காடுதான், ஆனால் படம் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. சுட்ட சிப்பாய் செத்தவனைப் போய்ப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதான். செத்த எதிரிக்கு ஒரு அம்மா இருந்தாள், அவள் முகத்தை வெகுநேரம் காட்டினார்கள். "பட்டாளத்துக்கு வந்துபோட்டு அழுவறானே, இவன் எங்கத்த சிப்பாய்?" என்று பெரியப்பா சலித்துக்கொண்டு பாதியிலேயே தூங்கிப்போனார். கருப்பு ஆள் வந்ததும் சேகரண்ணன் வழக்கம்போலத் தொடையைத் தட்டினான். அந்த ஆள் சாகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்பப் போவான்" என்றான். போகவில்லை. கேப்டன் அடிபட்டு விழ, அந்தக் கருப்புச் சிப்பாய் அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, காடு தாண்டி, ஆறு தாண்டி, ஹெலிகாப்டர் வரைக்கும் நடந்தான். அவன் முகத்தைத் திரை நிறையக் காட்டிப் படத்தை முடித்துவிட்டார்கள்.

சித்தப்பா பையன்கள் சேகரண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மொதல் கேசட்டு. ரெண்டாவது கேசட்டு ஒண்ணு இருக்குது. அதுலதான் சாவான்" என்றான். நாங்கள் நம்பினோம். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் அத்தையின் கல்யாணக் கேசட் இரண்டாகத்தான் வந்திருந்தது. முதல் கேசட் முழுக்க ஆட்கள் பந்தியில் சாப்பிடுவார்கள், தாலி கட்டுவது இரண்டாவது கேசட்டில்தான் வரும். அதுவரைக்கும் என்ன செய்வது என்று பஞ்சாயத்து நடந்தது. இரண்டாவது கேசட் வருகிற வரைக்கும் நான் சாக வேண்டியதில்லை என்று தீர்ப்பானது.

அந்த வாரம் குச்சிக்கிழங்குக் காட்டின் மறுகோடியை முதன்முதலாகப் பார்த்தேன். அங்கே வாய்க்கால் ஒன்று ஓடுவதுகூட எனக்கு அதுவரை தெரியாது, அவ்வளவு தூரம் நான் உயிரோடு போனதில்லை. ஆனால் சனிக்கிழமை நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. பெரியப்பா நாமக்கல் போவார், இரண்டாவது கேசட்டோடு வருவார், மறுபடி எறும்போடு கிடக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்த அப்பா வீடு திரும்பினார். குளித்துவிட்டு வந்தவரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "வா, கடையிலயே போய்க் கேட்டுப்போடலாம்" என்று மொபெட்டை எடுத்தார்.

நாமக்கல் கேசட் கடையில் கூட்டம். அப்பா, பெரியப்பா வீட்டிலிருந்து வாங்கி வந்த கேசட்டைக் கல்லாவில் வைத்து, கோர்ட்டில் கேட்பதுபோலக் கேட்டார்: "ஏனுங்க, இந்தப் படத்துக்கு ரெண்டாவது கேசட்டுன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க, ஒண்ணே ஒண்ணுதானுங்க."

"அப்ப அந்தக் கருப்புச் சிப்பாய் உசுரோடதான் இருக்கறானுங்களா?"

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன புரிந்ததோ, குரலைத் தணித்துக்கொண்டார். "உசுரோடதானுங்க இருக்கறான். முன்னெல்லாம் அவிங்க படத்துல அந்த ஆளுங்களப் பொட்டி தூக்க உட்டாங்க, அப்பறம் சாவறதுக்கு உட்டாங்க. இப்ப அங்க சனம் கேள்வி கேக்குதாட்ட இருக்குது, மாத்தி எடுக்கறாங்க. பாப்பா, நீ பயப்படாத போ."

திரும்பும் வழியில் அப்பா கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். தன் கையை நீட்டி என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கம்மாளப் பொண்ணு பாக்கப் போனப்ப, என்னையப் பாத்துட்டு, மாப்பளைய ஏத்திக்கிட்டு வந்த டிரைவர்னு நெனச்சுட்டாங்க சாமி. டிரைவரும் நாந்தானுங்க, மாப்பளையும் நாந்தானுங்கன்னேன்." அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனாலும் அவருக்கு அது சிரிப்புக் கதை மட்டுமல்ல என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காட்டில் கடைக்காரர் சொன்னதை ஒப்பித்தேன். சேகரண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "சரி, சாவ வேண்டாம். நர்ஸா இருந்துக்க" என்று இறங்கி வந்தான். முடியாது, படத்தில் எப்படியோ அப்படித்தான், கேப்டனுக்கு அடிபட வேண்டும், நான் தூக்கிப் போக வேண்டும் என்று நின்றேன். அமெரிக்காக்காரனே அப்படித்தான் எடுத்திருக்கிறான் என்று அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். கேப்டனுக்கு வேறு வழியில்லை, விழுந்தான். நல்ல புரோட்டா தின்று வளர்ந்த உடம்பு. முதுகில் ஏற்றிக்கொண்டு பல்லைக் கடித்து நடந்தேன். தூரத்தில் ரிக் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, சித்தப்பா பையன்கள் "ஹெலிகாப்டர் வந்துருச்சு, வெரசா வா புள்ள" என்று கத்திக்கொண்டு கூடவே ஓடிவந்தார்கள். வாய்க்கால் கரையில் கால் வழுக்கி இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். ஆனால் காட்டுக்கு வெளியேதான் விழுந்தோம்.

பிறகு பெரியவளாகிச் சேலத்தில் வேலைக்கு வந்து, நானாகவே படம் பார்க்கவும் படிக்கவும் ஆரம்பித்தபோது சில விஷயங்கள் விளங்கின. அந்த நாட்டில் கருப்பு மக்கள் பட்ட கொடுமையும், பாசிப்பயத்த மாவு அப்பிக்கொண்ட என் துக்கமும் ஒன்றல்ல. பக்கத்தில் வைத்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது. அந்த நாட்டு யுத்தங்களும் நாங்கள் செடிகளைச் சுட்ட மாதிரி முடிந்துபோனவை அல்ல. யுத்தம் போய் வந்தவர்கள் வாயைத் திறந்து பேசியிருக்கிறார்கள், எங்களை எதற்கு எப்போதும் சாகடிக்கிறீர்கள் என்று ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள், கேட்டுக் கேட்டுத்தான் படம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது. இன்னும் முழுக்க மாறவில்லை என்றும் சொல்கிறார்கள். இருந்தாலும், யாரோ முகம் தெரியாதவர்கள் அங்கே கேட்ட கேள்வியில் இங்கே ஒரு குச்சிக்கிழங்குக் காட்டில் நான் பிழைத்தேன் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அந்தக் காடு இப்போது இல்லை. பைபாஸ் ரோட்டை ஒட்டி மனைக்கல் நட்டுவிட்டார்கள், பாதி இடத்தில் ஒரு தாபாவும் லாரிகள் நிற்கும் மைதானமும் வந்துவிட்டன. அப்பா போய்விட்டார், பெரியப்பா போய்விட்டார். டெக் எந்தப் பழைய இரும்புக்காரனிடம் போயிற்றோ தெரியாது. சேகரண்ணன் ரிக் தொழிலைப் பெரிதாக வளர்த்து, மகளை அமெரிக்காவில் படிக்க வைத்தான், அவள் அங்கேயே வேலையில் இருக்கிறாள். போன மாதம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் சேலத்துக்கு என் வீட்டுக்கு வந்தான். காபியைக் குடிக்காமல் ஆறவைத்துவிட்டு, கைப்பேசியை நீட்டினான். மகள் பக்கத்தில் ஒரு கருப்பு அமெரிக்கர், நல்ல உயரம், கூச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா இவரத்தான் கட்டிக்குவேங்கறா. முன்ன பட்டாளத்துல இருந்தவராம், சண்டையப் பத்திப் பேசவே மாட்டாராம். இப்பப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. உங்கண்ணி ஒரு வாரமா அழுதுட்டு இருக்கறா. ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை அண்ணன் தம்பிகள் இருக்க, இதை எதற்கு என்னிடம் கொண்டுவந்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான். தலையைக் குனிந்தபடியே, "ரெண்டாவது கேசட்டுன்னு ஒண்ணு இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள" என்றான்.

பிறகு ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "தை மாசம் ரெண்டு பேரும் வாராங்க. கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு நீயும் கூட வாரயா?" என்று கேட்டான். உங்கண்ணி வரமாட்டாள் போலிருக்கிறது, நான் தனியாகப் போய் நின்றால் நன்றாகவா இருக்கும் என்று இழுத்தான். நான் வாரேன் என்றேன். சேகரண்ணன் பெண்ணைப் பெற்றவனாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் காட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்தவள் நான், ஆகவே அந்த மனிதருக்கு முதல் மாலை போடும் உரிமை எனக்குத்தான்.