ஐயா திருப்பிக் கொண்டுவந்த தராசுகள்

குணநாயகம் ஐயா இறந்த செய்தியைச் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கும் அக்காதான் கொண்டுவந்தார். நான் வேலை செய்யும் மின்சாரப் பொருட்கள் கடை வாசலில் நின்று, “உங்கடை காசுக்கார ஐயா காலமை மோசம் போயிட்டாராம்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “இனி உனக்கு நிம்மதிதானே” என்றார். ஓம் என்று சொல்ல வாய் வந்தது. அதை விட்டு, செத்த வீடு எப்போது என்று கேட்டேன்.

இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னவர் அவருடைய மகள். “அப்பா வீட்டிலை உம்மடை கதைதான் கதைக்கிறவர்” என்றார். அவர் என்ன கதைத்தார் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவரிடம் பொறுமையோடு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

முப்பது வருடத்துக்கு மேல் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர் அவர். அந்த நாளிலேயே பழைய வெள்ளி நாணயம் ஒன்றிரண்டு வாங்கியவர், ஓய்வுக்குப் பிறகு நிறையச் சேர்த்தார். போலி நாணயங்கள் வந்துவிட்டன, நிறுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று தராசு தேடி எங்களிடம் வந்தார். “கண்ணை ஏமாத்தலாம் பிள்ளை. நிறையை ஏமாத்தேலாது” என்றார். நான் சமையலறைத் தராசு ஒன்றைக் கொடுத்தேன். இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு வெள்ளி ரூபாயை வைத்தார், பதினொரு கிராம். நன்றாகத் தேய்ந்த இன்னொன்றை வைத்தார், அதுவும் பதினொன்று. “உது பருப்பு நிறுக்கிறது” என்றார். அதில் பிழை என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது தசம் ஒரு தானம், கிராமின் பத்திலொரு பங்கு வரை, காட்டியது. அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது தசம் இரண்டு தானம் காட்டியது. நாணயத்துக்கு அதுதான் சரி. ஆனாலும் அது திரும்பி வந்தது.

காரணம் அவர் ‘சாட்சி’ என்று அழைத்த ஒரு ரூபாய். அதை வாங்கிய அன்று நகை செய்யும் பத்தர் ஒருவரின் தராசில் நிறுத்து, பதினொன்று தசம் ஆறு ஆறு என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதி வைத்திருந்தார். எங்கள் தராசு பதினொன்று தசம் நாலு மூன்று என்றது. “சாட்சியையே பிழையாய்ச் சொல்லுறது மற்றதை என்னெண்டு சரியாய்ச் சொல்லும்?” என்று கேட்டார். அதனால் வேறு எந்த நாணயத்தையும் அவர் வைத்துப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு முறையும் கடையில் ஒரு பூசை நடக்கும். காற்றுப் பட்டால் எண் ஆடும் என்று மின்விசிறியை நிறுத்த வேண்டும். கண்ணாடி அலுமாரியின் மேல் வைத்தால் சமமில்லை என்று தராசை நிலத்தில் வைக்க வேண்டும். நான் முழங்காலில் இருந்து எண்ணை வாசிக்க வேண்டும். தராசின் சுவிட்சைப் போட்டவுடன் நிறுக்கக் கூடாது, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். தட்டின் நடுவில் மூன்று முறை வைத்து எடுக்க வேண்டும். வந்த சனம் வியர்த்துக்கொண்டு நிற்கும். அவ்வளவும் தராசோடு வந்த தாளில் எழுதியிருப்பதுதான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

நான்காவது தராசைக் கொடுத்த அன்று முதலாளி சொன்னார். “இதுவும் திரும்பி வந்தால் நீ வீட்டிலை நில். வாறவைக்கு விளக்கம் சொல்லத் தெரியாத பிள்ளை எனக்கு எதுக்கு?” ஐயாவின் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. என்னை ஏச மட்டும் இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற, வாய் திறக்காத பெண்பிள்ளைக்கு வேறு எந்தக் கடையில் வேலை கிடைக்கும்?

இரண்டு நாளில் ஐயா வந்தார். மின்விசிறி நின்றது. நான் முழங்காலில் இருந்தேன். அவர் வழமைபோலச் சாட்சியை எடுத்து, திருநீறு தொட்டுத் துணியால் தேய்த்தார். வீட்டில் கிழமைக்கு ஒருமுறை குத்துவிளக்கு மினுக்கும்போது அதையும் மினுக்குவாராம். நிறுத்தோம். பதினொன்று தசம் நாலு மூன்று.

நான் எழும்பிப்போய் அவர் திருப்பித் தந்திருந்த மூன்றாவது தராசை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பெட்டியோடு வந்த நூறு கிராம் படிக்கல்லை இரண்டிலும் வைத்தேன். இரண்டும் சரியாக நூறு காட்டின. சாட்சியை வைத்தேன். இரண்டும் ஒரே எண்.

“ரெண்டும் ஒண்டைத்தான் சொல்லுது, ஐயா.”

“அப்ப ரெண்டும் பிழை.”

முதலாளி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஐயாவின் கையிலிருந்த துணியைக் காட்டினேன்.

“உங்கடை துணி கறுத்துக் கிடக்கு, ஐயா.”

“அது அழுக்கு.”

“அழுக்கு எண்டால் முதல் கிழமையே போயிருக்கும். அது அழுக்கில்லை. தேய்ஞ்ச காசு. எத்தினை வருசமாய் மினுக்கிறியள்?”

அவர் துணியை விரித்துப் பார்த்தார். “முப்பத்திரண்டு” என்றார்.

சாமான் வாங்க நின்ற ஒருவர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “ஃபானைப் போடு பிள்ளை” என்றார். பிறகு முதலாளியிடம் போய், கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “தம்பி, தராசு சரி. இந்தப் பிள்ளையும் சரி. நான்தான் பிழை. உந்த நாலாவதை எனக்கே கட்டித் தா.”

அதன் பிறகும் அவர் என்னை விடவில்லை. கிழமைக்கு ஒருமுறை தராசைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்கல்லை வைத்துக் காட்டச் சொல்வார். சாட்சியை மினுக்குவதையும் விடவில்லை. ஏன் என்று கேட்டால், “பழகின கை, பிள்ளை” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செத்த வீட்டில் பெண்களோடு நானும் நின்றேன். தராசு பிடித்த காலத்திலிருந்து ஒரு நாளும் பிழை விடாத மனுசன் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த மலரிலும் யாராவது அப்படி எழுதியிருப்பார்கள். மன்னிக்க வேண்டும், அவர் பிழை விட்டவர். முப்பத்திரண்டு வருடம் விட்டவர். ஒரு பெரிய மனிதர் எனக்கு முன்னால், என்னைக் காட்டி, தான் பிழை என்று சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பிழையை.