பெர்மெசோ

இத்தாலியில், போர்கோ வெக்கியோ சந்தையருகே ஒரு பேய்ப்பட விளம்பரத்தின் முன் நிற்கிறோம். பழைய படத்தையே மறுபடி எடுத்திருக்கிறார்கள். எனக்குப் பேய்ப்படம் ஆகாது. கூட வந்த யாழ்ப்பாணத்துக் கமலா, வேலை செய்யும் வீட்டு எஜமானியோடு இரண்டையும் பார்த்தவர்.

"எது தேவலை?" என்கிறேன்.

"ரெண்டும் ஒண்டுதான் அண்ணை. வெள்ளையள் ஆரோ ஒராளின்ரை வீட்டுக்குள்ளை கேளாமல் போவினம். கடைசியிலை பேயிலைதான் பிழையாம்."

இங்கே பிறர் வீட்டுக்குள் நுழையும்போது "பெர்மெசோ?" என்று கேட்பது மரியாதை. வெளிநாட்டவர் தங்குவதற்கான அனுமதிப் பத்திரத்துக்கும் அதே பெயர்தான். கமலா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று அப்படிக் கேட்க, இவர் ஓடிப்போய்ப் பத்திரத்தை எடுத்து வந்து நீட்டினாராம்.

"அவர் சிரித்திருப்பாரே?"

"ஓம், சிரிச்சவ. வாங்கி வாசிச்சுப் பாத்திட்டுத்தான் சிரிச்சவ."