அக்கா எழுதிக் கொடுத்த பத்து வாக்கியங்கள்

ஆங்கில இலக்கணம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். கெடுத்தவள் நான், இலக்கணம் பாவம், கூட நின்றது. அப்போது திருவள்ளூரில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு டீச்சர் 'சப்ஜங்க்டிவ் மூட்' நடத்தினார். நடக்காது என்று தெரிந்தும் மனசு ஆசைப்படுகிறதே, அதைச் சொல்ல வெள்ளைக்காரன் தனி வழி வைத்திருக்கிறானாம். 'இஃப் ஐ வேர்' என்று தொடங்கிப் பத்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார். வகுப்பில் எல்லோரும் 'நான் பறவையாக இருந்தால்' என்று எழுதிவிட்டு, இரண்டாவது வாக்கியத்துக்கு விழித்தோம்.

எனக்கென்ன கவலை, வீட்டில் அக்கா இருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துப் பட்டணத்திலிருந்து கார்டும் வந்திருந்தது. கோர்ட்டில் நகல் எழுதும் வேலையிலிருந்த நைனா அந்தக் கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

"இந்த எடம் தட்டிப்போச்சுன்னு வெச்சுக்க, நீ பொட்டிய எடுத்துக்கினு படிக்கப் போ. நான் ஒண்ணியும் சொல்லமாட்டேன்" என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறாத மனிதர் என்று அவருக்கு ஊரில் நல்ல பெயர்.

சனிக்கிழமை நான் நச்சரித்த நச்சரிப்பில் அக்கா என் நோட்டில் தன் கையாலேயே பத்து வாக்கியமும் எழுதிக் கொடுத்தாள். நான் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. வழக்கம்போல் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை, ஆபீஸ் பரீட்சையில் இங்கிலீஷில் மட்டும் விடாமல் தோற்றுக்கொண்டிருந்தவர். "பொண்ணுக்கு இங்கிலீஷ் வந்தா போதும், பையன ஒக்கார வெச்சு சொல்லிக் குடுக்கணும்" என்றார் பெரியவர். பெண்டாட்டியும் வாத்தியாரும் ஒரே செலவில் முடிந்துவிடும் அல்லவா!

அவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். "தெரியலீங்க" என்றாள் அக்கா. இன்னொன்று கேட்டார். அதுவும் தெரியலீங்க. பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னதற்கு எழுத்துக்கு எழுத்து திக்கினாள். நைனாவின் முகம் கறுத்துவிட்டது. வந்தவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. முதலாவதாக வந்த என் அக்காவை மக்கு என்று நினைத்துக்கொண்டு போவதா? ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து பெரியவர் கையில் திணித்தேன். "பொய்யிங்க! எல்லாம் தெரியும். பாருங்க, இது அக்காதான் எழுதிச்சு!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். நான் ஆண்பிள்ளையாக இருந்தால் நாளைக்கே ரயிலேறிப் படிக்கப் போவேன். நான் என் தகப்பனாராக இருந்தால் மகளை ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். நான் இந்த வீட்டு வாசற்படியாக இருந்தால் நாளைக்கு வருகிறவர்களைத் தடுக்கிவிடுவேன். மூன்றாவதில் கொஞ்சம் நின்றார். கமா சரிதானா என்று பார்த்தாராம். நைனாவுக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் வாழ்நாளெல்லாம் அர்த்தம் பார்க்காமல் நகல் எடுத்த மனிதர், எழுத்தின் அழகைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு மிஸ்டேக் இல்ல! கையெழுத்து முத்து முத்தா கீது. இன்னாத்துக்கும்மா தெரியலன்னே, வெக்கமா?" என்றார் பெரியவர்.

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். நைனா பையிலிருந்த கார்டைக் கிழிக்கவில்லை. அதில் காலியாக இருந்த இடத்தில், பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார்.

அக்கா பின்கட்டில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏங்க்கா தெரியலன்னு சொன்னே?" என்று கேட்டேன். என்னை அடித்திருந்தால்கூட இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். "உனுக்கு இன்னாடி தெரியும், போ" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் அந்த வாக்கியங்களை அவசரமாகப் பார்த்தெழுதிக் கொடுத்துப் பத்துக்குப் பத்து வாங்கினேன். அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்ததே என்னால்தான் என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் சொன்னேன். அக்கா கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று வீட்டுக்கு ஓடிவந்து, அவளிடமும் சொன்னேன்.