ஆராய்ச்சி மையத்தில் அப்பா ஊதிய மூச்சு

புனேவில், சிஞ்ச்வட்டில் அப்பா வேலை பார்த்த இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை மூடப்பட்டு, அங்கே மருத்துவமனை ஆராய்ச்சி மையம் வந்துவிட்டது. பொதுமக்களை அனுமதித்த நாளில் அவரை அழைத்துப் போனேன்.

நுரையீரல் பிரிவில் ஒரு மராத்திப் பெண், "காகா, ஸோர்ஸே!" என்று பலமாக ஊதச் சொல்லி, மூச்சை அளக்கும் குழாயை நீட்டினார். அப்பா வேடிக்கையாகத்தான் ஊதினார். திரையைப் பார்த்த அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். பாதி மூச்சுதான் வருகிறது என்று என்னிடம் இந்தியில் மெதுவாகச் சொன்னார்.

"மூச்சு வாங்குதுன்னு ஏம்ப்பா சொல்லல?"

"ஃபேக்டரித் தூசியில அப்பவே வாங்குச்சு. சொன்னா வேலைய விட்டு அனுப்பிருவாங்கடா. நீ காலேஜ்ல இருந்த. அப்புறம் பழகிப்போச்சு."

மருந்து தொடங்கியாயிற்று. போன மூச்சு திரும்பாதாம். ஒரே வீட்டில் அவர் இருமலைக் கேட்டும், வயதானால் அப்படித்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன். இப்போது இரவில் இருமல் கேட்காவிட்டால்தான் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.