பழைய மாணவர் தளத்தில் பதிவு இணைப்பு

நான் பார்த்துக்கொள்ளும் எங்கள் பள்ளிப் பழைய மாணவர் தளம் ஓடுவது ஒரு பழைய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில். எழுதியவர்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். புதிதாகச் சேர்பவர் மின்னஞ்சலில் வரும் பதிவு இணைப்பை அழுத்தினால், 'இல்லை' என்று ஒரு பக்கம் வரும்.

இன்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் செபாஸ்டினைப் பார்த்தேன். என்னோடு படித்தவன், வேடசந்தூர் மில்லில் இருக்கிறான்.

"ஏலே, ஏன் இன்னும் சேரல?"

"சேந்து பாத்தேன் அப்பு. இல்லைன்னு வந்துச்சு. ஒம்பதாவதோட நின்னவன எதுக்குச் சேப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"லிங்க்தான்லே உடைஞ்சிருக்கு."

அவன் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து டேட்டாபேஸில் அவன் பெயரை நானே கையால் ஏற்றினேன்.

பிறகு இணைப்பைச் சரிசெய்ய உதவி கேட்டு, அந்த மென்பொருளின் இணைய மன்றத்துக்குப் போனேன். கேட்பதற்கு முதலில் பதிய வேண்டுமாம். பதிந்தேன். மின்னஞ்சல் வந்தது. இணைப்பை அழுத்தினேன்.

இல்லை.

உங்களில் யாருக்காவது அங்கே ஆள் தெரிந்தால் சொல்லுங்கள். நான் பன்னிரண்டாவது முடித்தவன்தான்.