பிளக் தனபால் கையில் இருந்தது

தனபால் பொய் சொல்கிறான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் குடித்துவிட்டு வேலை செய்தேனாம், கண்ணாடியில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்துப் பயந்து அலறினேனாம். இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். போன வாரம் என் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீடு வரைக்கும் கதை போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா தரகரைக் கூப்பிட்டு, பெண்ணோட அப்பா குடிப்பாராமே என்று கேட்டிருக்கிறார். நான் ஒரு சொட்டு தொட்டவன் இல்லை. பாண்டியில் பிறந்து குடிக்காதவன் என்று சொன்னால் அதைத்தான் பேய்க்கதை மாதிரிக் கேட்கிறார்கள்.

பேய், பிசாசு, சாமியாடுவது எதையும் நான் நம்புகிறவன் இல்லை. எலக்ட்ரீஷியன். கரண்ட் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது, எனக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. தட்டாஞ்சாவடியில் லேபிள் அச்சடிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நானும் தனபாலும் வேலை பார்த்தோம். அவன் மெஷின்மேன். முதலாளி மெட்ராஸில் யாரோ கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து வைத்திருந்தார். பச்சை எழுத்து மட்டும் தெரியும் திரை, வேறு நிறமே அதில் வராது. ஒயர் இருக்கிற எதுவும் என் வேலை என்பதால் அதுவும் என் தலையில் விழுந்தது. கடலூரிலிருந்து ஒரு சோப்புக் கம்பெனிக்காரர், லேபிளைக் கலரில் திரையிலேயே காட்டினால் ஆர்டர் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்குக் கம்ப்யூட்டருக்குள் சொருகும் கலர் கார்டு வேண்டும், கலர் திரை வேண்டும். உள்ளே கரண்ட் கொடுக்கிற பழைய பவர் சப்ளைப் பெட்டி புது கார்டைத் தாங்காது, அதையும் பெரிதாக மாற்ற வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

சாமான் மெட்ராஸ் பஸ்ஸில் வந்து இறங்கியது ஆயுத பூஜை அன்று மத்தியானம். சோப்புக்காரர் வருவது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பூஜை முடிந்ததும் முதலாளியே மெயின் சுவிட்சை இறக்கி, அந்தக் கைப்பிடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிடுவார். மறுநாள் காலை அவரே மாலையை எடுத்து ஏற்றுவார். அதுவரை மெஷினுக்கும் ஓய்வு, ஸ்பேனருக்கும் ஓய்வு. அன்றைக்கு தனபால் கம்ப்யூட்டருக்கும் பட்டை போட்டு, திரைக் கண்ணாடி நடுவில் எட்டணா அளவுக்கு ஒரு பொட்டு வைத்திருந்தான்.

எல்லோரும் பொரி கடலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் பூஜையில் இருந்த ஸ்குரூடிரைவரை எடுத்தேன். ஸ்டோர் பார்க்கும் மரி தெரேஸ் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெண், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். பொட்டு வைத்த சாமானைத் தொடாதே, எனக்கே அது தெரிகிறது, உனக்குத் தெரியவில்லையா என்று திட்டிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். தனபாலை விளக்கு பிடிக்க இழுத்து வைத்துக்கொண்டேன். மெயின் இறங்கியிருந்ததால் ஃபேன் இல்லை, இரண்டு பேருக்கும் வேர்வை ஊற்றியது. ஷட்டரைப் பாதி தூக்கி, வெயில் வெளிச்சத்திலும் டார்ச்சிலும் வேலை செய்தோம்.

முதலில் ஈரத்துணியால் திரையைத் துடைத்தேன். பொட்டு சுத்தமாகப் போய்விட்டது. பிறகு பழைய பவர் சப்ளையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அந்தக் காலத்துத் திரைக்குச் சுவரிலிருந்து கரண்ட் வராது. பவர் சப்ளையின் முதுகில்தான் அதன் பிளக்கைச் சொருக வேண்டும். அந்த பிளக் இப்போது சும்மா தொங்கியது. பழைய கார்டையும் பிடுங்கியாகிவிட்டது. புது பவர் சப்ளையை ஸ்குரூ போட்டு முடுக்கி, கலர் கார்டை அதன் இடத்தில் வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது.

பக்கத்தில் இருந்த பழைய திரை எரிந்தது.

பச்சையாக இல்லை. கண்ணாடி முழுக்க இருட்டு, நடுவில் மட்டும் எட்டணா அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம். நான் துடைத்த அதே இடம்.

"நீதான் தொடைச்சியேடா குப்பு."

"தொடைச்சேன்."

"திரும்பத் தொடைடா."

துடைத்தேன். போகவில்லை. நகத்தால் தட்டினேன், கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. எங்கேயோ ஒயர் மாட்டியிருக்கிறது, பார் என்று தனபாலிடம் சொன்னேன். அவன் குனிந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் பிளக்கைத் தூக்கிக் காட்டினான்.

"இதோ இருக்குடா. என் கையில."

அப்புறம் அவன் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பிளக்கை விடாமலே அந்தத் திரையின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தாயே, நான் டார்ச் மட்டும்தான் பிடித்தேன், எல்லாம் இந்தக் குப்புப் பய வேலை என்று மன்னிப்புக் கேட்டான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறந்து வைத்த பொரிப் பொட்டலத்துக்காக மரி தெரேஸ் அக்கா திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார், தரையில் கிடந்தவனைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு நேராகப் பூஜைத் தட்டுக்குப் போய்க் குங்குமத்தைத் தொட்டு, அந்த வட்டத்தின் மேல் தன் விரலாலேயே வைத்தார்.

"எடுத்தா திருப்பி வைக்கணும். இதுக்கு ஒரு மெஷினா வந்து சொல்லணும்?"

வெளிச்சம் சுருங்கி, புள்ளியாகி, அணைந்தது. அக்கா பொரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முதலாளி மாலையை எடுத்து மெயினை ஏற்றினார். கலர் திரையை மாட்டினேன். புது கார்டு முதல் தடவையிலேயே வேலை செய்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள், அதைத்தான் முதலில் நம்ப மாட்டார்கள். சோப்புக்காரர் கைதட்டினார், ஆர்டர் வந்தது, எங்களுக்குப் பிரியாணி வந்தது. தனபால் என் பங்கு முட்டையையும் தின்றான்.

அக்கா பிறகு மகளோடு பிரான்ஸுக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். பழைய திரையை முதலாளி என்னிடமே கொடுத்துவிட்டார். ஒயரை அடியோடு வெட்டிப் பரண்மேல் போட்டிருக்கிறேன். வருஷா வருஷம் ஆயுத பூஜை மத்தியானம் ஏணி போட்டு ஏறிக் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பாக இருக்கிறது. மறுநாள் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஓட்டில் அடிக்கிற வெயில் சூடு என்று என் மனைவி சொல்கிறாள். ஒரு வருஷம் அன்றைக்கு முழுக்க மழை.

இனி சாட்சி என்று இருப்பது தனபால் ஒருவன்தான். இந்த ஆயுத பூஜைக்குப் பழைய ஆட்கள் எல்லோரும் கம்பெனிக்கு வருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டாரையும் நான் அழைத்திருக்கிறேன். தனபால், நான் குடித்தேன், குங்குமத்தைப் பார்த்து அலறினேன் என்றே வைத்துக்கொள். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். திரை எரிந்தபோது அந்த பிளக் யார் கையில் இருந்தது?