சிமெண்ட் மூட்டையும் குழந்தை சீட்டும்

முன்னறையில் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி ஒரு 'டக்'. சமையலறையில் இருந்தபடியே அவளுக்கு விளங்கிவிட்டது. பிளாஸ்டிக் கொக்கி மாட்டுகிற சத்தம். அக்கா புருஷன் தன் தொழிற்சாலையில் செய்த, காரில் பொருத்தும் குழந்தை சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வண்டிச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு உடைப்புக்காரி என்று பேர். வண்டி மோதுகிற கணத்தில் எது வளையும், எது நொறுங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. அந்த வேலை கிடைத்தபோது, "உடைக்கிறதுக்கா சம்பளம்? எங்க வீட்டு வேலைக்காரி இலவசமாவே உடைக்கிறாளே" என்று சிரித்தவர் இதே அத்தான்தான். இன்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே சோதனையில் தேறிய சீட்டில் பெல்ட் கொக்கியின் பிளாஸ்டிக்கை மட்டும் மலிவாக மாற்றியிருந்தார். சின்ன மாற்றம் என்பதால் கூடத்தில் மறுபடி மோதிப் பார்க்க மாட்டார்கள். அவள் கணக்குப் போட்டு உடையாது என்று எழுதிக் கொடுத்தால் போதும், விற்கலாம்.

"கொக்கி உடையும்னு சொல்லிட்டியாமே? ஒரு வாரம் சிமெண்ட் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன்மா. லேசா நீண்டுது, அவ்வளவுதான்."

"மெதுவா இழுத்தா நீளத்தான் செய்யும், அத்தான். வெடுக்குனு இழுத்தா இந்தப் பிளாஸ்டிக்குக்கு நீள நேரம் இல்ல, சிதறிடும். வண்டி என்ன, ஒரு வாரம் எடுத்துக்கிட்டா மோதப்போகுது?"

அதுவரை அத்தான் பேச்சுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

அத்தான் விடவில்லை. "வெறும் கணக்குதானே. மாத்திப் போட்டா என்ன குறைஞ்சிடும்? சரக்கெல்லாம் கட்டி வச்சாச்சு."

"சரி. உங்க பேத்தி இதுலதானே உக்கார்றா?"

"அவளுக்கு எதுக்கு இது? வேற கம்பெனி சீட்டு வாங்கி..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தெருவில் மிதித்த அசிங்கத்தைப் பார்ப்பதுபோல் அவள் அவரைப் பார்த்தாள். கணக்கு வராத முட்டாள் என்று இத்தனை வருடம் மன்னித்து வந்தாள். இந்த ஆளுக்குக் கணக்கு நன்றாகவே வந்திருக்கிறது.

"உங்கக்கா இனி இந்த வாசல்ல கால் வைக்க மாட்டா. யோசிச்சுக்க."

தாயில்லாத அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட அக்கா. ஆனால் இவர் முன்னால் அழுவதா? அந்தக் கண்ணீருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"உடையும். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அக்காகிட்ட பேத்தி சீட்டைப் பத்தியும் சேர்த்துச் சொல்லுங்க. வாய் வரலேன்னா நானே சொல்றேன்."

அவர் சீட்டை இடுக்கிக்கொண்டு வாசல்படி இறங்கினார். போய்ட்டு வர்றேன் என்று அவரும் சொல்லவில்லை, வாங்க என்று இவளும் சொல்லவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.